எல்லாரிட்டையும் இருக்கிற ரவை

அவருடைய காலின் அளவு நாற்பத்தொன்று. போட்ட சப்பாத்து நாற்பத்திரண்டு. என் சமையலறையில் நின்ற காலம் முழுக்க அப்படித்தான். முன்பக்கம் பஞ்சு அடைத்து, இரட்டைக் காலுறை மாட்டி, சேற்றில் நடக்கிற கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பார். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிகளுக்கு நடுவே ஒரு மனிதன் அப்படி நடந்தால் பார்க்கிறவனுக்கு நெஞ்சு பதறும். என் மனுசி ஒருநாள் கேட்டே விட்டாள்.

“தம்பி, உங்கடை காலுக்கு அளவாய் ஒண்டு வாங்கினால் என்ன? காசில்லையெண்டால் சொல்லுங்கோ, இவர் தருவார்.”

“காசுப் பிரச்சினை இல்லை அக்கா. நாற்பத்தொண்டு முடிஞ்சு போனால் பிறகு நான் என்ன செய்யிறது? நாற்பத்திரண்டு எந்தக் கடையிலையும் கிடக்கும். சேர்ச்சிலை தருமத்துக்குப் போடுற பெட்டியிலையும் நாற்பத்திரண்டுதான் கூட.”

“ஜேர்மனியிலை சப்பாத்துக்கு முட்டுப்பாடு வருமே?”

“வராது எண்டுதான் எல்லாரும் எல்லா இடத்திலையும் இருந்தவை.”

மனுசி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளலாம். ஆட்களைப் பற்றி நான் சொல்வதில் பிழை இருக்காது. கிழக்கு பெர்லினில் வந்திறங்கி, ஹனோவரில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு அந்த ஹோட்டல்காரனே பெண்சாதி பிள்ளைகளோடு என்னிடம் வந்து சாப்பிடுகிற அளவுக்கு நிமிர்ந்தவன் நான். ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். இவரைப் போல ஒருவரைப் பார்க்கவில்லை.

ஹனோவரிலிருந்து காரில் அரை மணி ஓட்டம். ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊர்க் குறிசூட்டுச் சங்கத்துக்கு ஒரு பெரிய கட்டடம் இருந்தது. நிலவறையில் சுடுகிற இடம், மேலே சாப்பாட்டுக் கடை. அந்தக் கடையைக் குத்தகைக்கு எடுத்த முதல் கறுத்தத் தலை நான்தான். ‘ஒரு வருசம் தாங்க மாட்டான்’ என்று சொன்னவர்கள் பிறகு தங்கள் எண்பதாவது பிறந்தநாளுக்கு என்னிடம்தான் மண்டபம் கேட்டார்கள். என் ஷ்னிற்சல் இறைச்சிப் பொரியலுக்கு இந்த வட்டாரத்தில் நிகர் இல்லை என்று சங்கத் தலைவரே மைக் பிடித்துச் சொன்னவர்.

வேலை கேட்டு இவர் வந்த அன்று, இத்தாலியிலிருந்து நான் எடுப்பித்த பொரிக்கிற மெஷினைக் காட்டினேன். எங்கள் ஆட்களில் ஒருவரிடமும் இல்லாத சாமான். சுற்றி வந்து பார்த்தார். மன்னார்ப் பக்கத்து ஆள், வேதக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை. நல்லது கெட்டது பேசாமல் நெடுநேரம் பார்த்தார்.

“வடிவாய்க் கிடக்கு அண்ணை. இதுக்குப் பாட்ஸ் எங்கை எடுக்கிறது?”

“இத்தாலியிலைதான்.”

“பக்கத்து ஊர்க் கடைக்காரரிட்டை என்ன மெஷின்?”

“அவங்கள் எல்லாரிட்டையும் ஒரே சாதிப் பழசு.”

“நீங்களும் அதைத்தான் வாங்கியிருக்க வேணும்.”

வேலை கேட்டு வந்தவன் முதலாளிக்குச் சொல்கிற கதையா இது? வேறொருவன் என்றால் வாசலைக் காட்டியிருப்பேன். என்னவோ, இந்த மனுசனில் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அந்தக் கோடையிலேயே, ஊரே கூடிய சங்கத்துச் சுடுவிழா அன்று, என் மெஷின் இத்தாலிக்காரி மூச்சை நிறுத்திவிட்டாள். “பழசெண்டால் அடுத்த ஊர்க் கடையிலை பாட்ஸைக் கழட்டிக்கொண்டு வந்து பூட்டியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். நான் சளைத்தேனா? இரும்புத் தாச்சியை அடுப்பில் ஏற்றி அத்தனை பேருக்கும் பொரித்துப் போட்டேன். மாலையில் பியரும் சாராயமுமாய் இரண்டு கிளாசை ஒரே கையில் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றதற்குள் வழியவிட்டுக் குடிக்கிற ஹனோவர் வித்தையையும் செய்து காட்டினேன். கை தட்டினார்கள். ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அடுத்த மெஷின் பழைய சாதியில்தான் வாங்கினேன்.

அவருடைய வேதம் அவ்வளவுதான். எது எல்லாரிடமும் இருக்கிறதோ அதையே வைத்திரு. முட்டுப்பாடு வந்தால் அதுதான் கடைசிவரை கிடைக்கும். சந்தையில் எது உயரமாகக் குவிந்திருக்கிறதோ அந்தக் கிழங்கைத்தான் எடுப்பார். காத்திருக்கிற சனத்துக்கு இருக்கை காணாத டொக்டரிடம்தான் போவார். சுப்பர்மார்க்கெட்டில் காசு கட்டப் போனால் நீளமான வரிசையில் போய் நிற்பார். “அங்கை ஆளே இல்லை, போமன்” என்று நான் தள்ளினாலும் அசையமாட்டார்.

“ஆளில்லாத இடத்திலை ஏன் ஆளில்லை எண்டு முதல்லை யோசிக்க வேணும் அண்ணை.”

ஜேர்மன் பிரசாவுரிமை கிடைத்தவுடன் சங்கத்தில் சேர்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

“ஏன் ஐசே? துவக்கு வேண்டாமெண்டுதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்?”

“துவக்குக்காக இல்லை. தபால்காரன், பேக்கரிக்காரன், பொலிஸ்காரன் எல்லாரும் இதுக்கைதான் நிக்கினம். ஊர் நிக்கிற இடத்திலை நாங்களும் நிண்டிட வேணும். நாளைக்கு ஒண்டு நடந்தால் தனிய அம்பிடக்கூடாது.”

“நான் தனிய நிண்டுதான் இவ்வளவும் செய்தனான். சனத்தோடை போயிருந்தால் இண்டைக்கும் கோப்பை கழுவிக்கொண்டிருப்பன்.”

“நீங்கள் தப்பின ஆள் அண்ணை. தப்பின ஆக்களிட்டை வழி கேக்க ஏலாது. தப்பாத ஆக்களிட்டைத்தான் கேக்க வேணும். அவை கதைக்க மாட்டினம்.”

இப்படி ஒரு பேச்சு. மேசை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனேன். ஒரு பேச்சில் நான் இடம் விட்டுப் போன நாட்கள் குறைவு.

ஒரு வருசம் சங்கத்துத் துவக்கால் பழகி, சோதனை எழுதி, சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்க அனுமதிக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம் போடுகிற கட்டம் வந்தது. எந்தக் கலிபர், அதாவது எந்தப் பருமன் ரவைக்கான துவக்கு என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். சங்கத்தில் ஹோர்ஸ்ட் என்று ஒரு கிழவன். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவன். அவனிடம் ஏழு தசம் அறுபத்தைந்து மில்லிமீற்றரில் இரண்டு பழைய சுவிஸ் பிஸ்டல்கள் இருந்தன. அந்த அளவில் சுடுகிறவன் சங்கத்திலேயே அவன் ஒருவன்தான். இவருக்குச் சின்னக் கை, மெல்லிய விரல்கள். ஹோர்ஸ்டின் பிஸ்டலைப் பிடித்தால் சுட்டதெல்லாம் நடுக் கறுப்பில் விழும். மற்றவர்களுடைய ஒன்பது மில்லிமீற்றரைப் பிடித்தால் கை உதறும், கடதாசியின் மூலையில்தான் ஓட்டை. ஹோர்ஸ்ட் தன்னுடைய இரண்டில் ஒன்றை ஏறக்குறைய சும்மாவே தருகிறேன் என்றான்.

இவர் ஒன்பது என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் என் கடையில் ஒரே சண்டை. ஜேர்மனில் நடந்ததை எங்கள் தமிழில் சொல்கிறேன்.

“உன்ரை கைக்கு இதுதான்டா பொருத்தம். ஏன் அடம் பிடிக்கிறாய்?” என்றான் ஹோர்ஸ்ட்.

இவர் அடுப்படி யன்னலால் தலையை நீட்டினார். “உன்ரை ரவை எத்தினை கடையிலை கிடக்கு?”

“ஹனோவரிலை ஒரு கடை. காணாதே?”

“பொலிஸ் என்ன வைச்சிருக்கு?”

“ஒன்பது.”

“ஆமி?”

“ஒன்பது.”

“இந்த மேசையிலை இருக்கிற மற்ற ஆக்கள்?”

“எல்லாம் ஒன்பதுதான்.”

“அப்ப, தட்டுப்பாடு ஒண்டு வந்தால் எது கடைசிமட்டும் மிஞ்சும்?”

ஹோர்ஸ்ட் பியரைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். “தட்டுப்பாடோ? மனுசா, நாங்கள் சுடுறது கடதாசிக்கு! கடதாசி திருப்பிச் சுடாது!”

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இவர் யன்னலைச் சாத்திவிட்டார். பிறகு அவர் ஒன்பதுதான் வாங்கினார். போட்டிகளில் கடைசிக்கு முந்தின இடத்தைத் தாண்டி அவர் வந்ததே இல்லை.

ஏன் அந்த அடம் என்று ஒரேயொரு தடவை சொன்னார். இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்கவில்லை. தானாகத்தான் தொடங்கினார்.

“எங்களிட்டை ஒரு ரிவோல்வர் இருந்தது அண்ணை.”

சின்ன இயக்கமொன்று. பெயர் சொன்னாலும் இப்போது ஒருவருக்கும் தெரியாது. எவனோ தோட்டத்துரை வீட்டில் எடுத்த ரிவோல்வர். பிடி யானைத் தந்தம். அதற்கான ரவை இலங்கைத் தீவிலேயே எடுக்க முடியாது. இருந்ததையெல்லாம் பழகிப் பார்க்கச் சுட்டு, கடைசியில் இரண்டு மிஞ்சியது. இவருடைய சிநேகிதன் ஒருவன் அதில் மோகம் பிடித்துப் போனான்.

“எண்ணெய் போட்டுத் துடைச்சுத் துடைச்சு வைச்சிருப்பான். ‘விடு மச்சான், ஆமியிட்டை எடுத்த சாமான் இருக்கு, அதைக் கொண்டு போ’ எண்டு சொன்னனான். வடிவில்லையாம். சுற்றிவளைப்பு நடந்த அண்டைக்கு அவன் பனங்கூடலுக்கை மாட்டிட்டான். நான் வாய்க்காலுக்கை படுத்துக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன். அவன்ரை சத்தம் ரெண்டு. பிறகு அவங்கடை சத்தம் மட்டும்தான்.”

கத்தி நின்றது. ஒரு கிழங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவங்கள் போன பிறகு போய்ப் பாத்தன். அவனுக்குப் பக்கத்திலை அவங்கடை ரவை விசிறிக் கிடந்தது. ஓடேக்கை விழுத்திப்போட்டுப் போனது. வெடிக்காத ரவை அண்ணை, கை நிறைய அள்ளலாம். அவன்ரை கைக்கு எட்டுற தூரத்திலை. ஒண்டும் அவன்ரை துவக்குக்கை போகாது.”

பிறகு அந்தக் கிழங்கை உரித்து வாளிக்குள் போட்டார். சப்பாத்தின் பஞ்சு எனக்கு அன்றுதான் விளங்கியது.

அவருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒரு தம்பி. யூட் என்று பெயர். அவனுக்குப் பெண்சாதியும் இரண்டு பெண்பிள்ளைகளும். இவர் கலியாணம் கட்டவில்லை. உழைத்தது முழுக்க அந்த வீட்டுக்குத்தான் போனது. சண்டை மன்னார்ப் பக்கத்தால் தொடங்கி உள்ளுக்கு ஏற, யூட்டின் குடும்பமும் வயலை விட்டு எழும்பியது. ஓரிடத்தில் கொட்டில் போட்டுக் கிணறு தேடி முடிய, அடுத்த இடம். பிறகு அதற்கடுத்த இடம். எப்போதாவது, யாரோ ஒருவரிடம் இருந்த செய்மதிப் போனில் கதைப்பான். இவர் சுவரில் ஒரு வரைபடம்கூட ஒட்டவில்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது. என் மனுசி கேட்டால், “இப்ப கிளிநொச்சிக்கு அங்காலை” என்பார், “இப்ப விசுவமடுப் பக்கம்” என்பார். ஒவ்வொரு தடவையும் கிழக்கே கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது தொடங்கின மாரி. இந்தப் பக்கத்து ஜேர்மன்காரர் தைமாதத்தில் குறூன்கோல் என்று முட்டைக்கோசு இனத்துக் கோவா இலை ஒன்றைப் பன்றிக் கொழுப்போடு நாள் முழுக்க அவித்துச் சாப்பிடுவார்கள். சங்கத்தின் குறூன்கோல் விருந்து அன்று. மத்தியானம் திரும்பின நேரம். இவருடைய கை இரண்டும் கொழுப்பு. போன் அடித்தது. என் மனுசிதான் எடுத்து, ஒலிபெருக்கியை அமத்தி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதனால் நாங்களும் கேட்டோம்.

“அண்ணா, கேக்குதோ?”

“ஓம் யூட், சொல்லு.”

“இவளின்ரை தமையன் ஆக்கள் இனி வெளிக்கிடேல்லையாம். பங்கருக்கை இருக்கப் போகினமாம். ஆமி எங்களைத் தாண்டிப் போகட்டும், பிறகு வெள்ளைத் துணியோடை ஏறுவம் எண்டு சொல்லினம். எங்களையும் நிக்கச் சொல்லினம். கொஞ்சப் பேர்தான் அண்ணா. மற்றச் சனம் முழுக்கக் கடற்கரைக்குப் போகுது. நான் என்ன செய்ய?”

“கனசனமோ?”

“ரோட்டு நிரம்ப. சைக்கிள் உருட்ட இடமில்லை. ஆசுப்பத்திரியும் அங்கைதான் மாறுதாம். கப்பல் வருமெண்டும் கதைக்கினம்.”

“பிறகென்ன கேள்வி? சனத்தோடை போ.”

“இவள் பயப்பிடுறாள். தமையனோடை நிப்பம் எண்டுறாள்.”

“யூட், நான் சொல்லுறதைக் கேள். கொஞ்சப் பேர் செத்தால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். கனசனம் நிக்கிற இடத்துக்குத்தான் சாப்பாடு வரும், மருந்து வரும், உலகம் பாக்கும். தனிச்சு நிக்காதை. அவளுக்குச் சொல்லு, அண்ணை சொன்னவர் எண்டு.”

“சரி அண்ணா.”

கோடு அறுந்தது. அவர் கையைக் கழுவினார். என் மனுசி போனைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

“தம்பி, கொஞ்சம் ஆறுதலாய் யோசிச்சுச் சொல்லியிருக்கலாமே?”

“இதிலை யோசிக்க என்ன அக்கா கிடக்கு?”

திரும்பவும் அண்டாவைக் கிண்டப் போனார். அன்றைய குறூன்கோலை இன்றைக்கும் அந்த ஊரில் சொல்வார்கள். இரண்டாம் தட்டுக் கேட்காத ஆள் இல்லை.

மாசியில் இன்னொருமுறை அழைப்பு வந்தது. இரண்டு வசனம்தான். வந்து சேர்ந்துவிட்டோம், கால் வைக்க இடமில்லாத சனம். இவர் முகம் தெளிந்தது. “பாத்தியளோ அண்ணை? கால் வைக்க இடமில்லையாம்” என்று என்னிடம் சந்தோசமாகச் சொன்னார். அன்று மட்டும் ஒரு சின்ன பியர் குடித்தார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. தொலைக்காட்சியில் அந்தக் கடற்கரைத் துண்டைக் காட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கிழமையும் துண்டு சிறுத்தது. சனம் சிறுக்கவில்லை.

குளிர் விட்டு, சங்கத்தில் முதல் போட்டி வருகிற நேரம். சங்கத்து அலுமாரியில் ஒன்பது இல்லை. கடைக்கு ஓடர் கொடுத்தது வரவில்லை என்றான் ஹோர்ஸ்ட். இவருக்குச் சுடுகிற எண்ணம் இருந்ததென்று நான் நினைக்கவில்லை. சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று எனக்குத்தான் பயம். “வாரும் ஐசே, நான் மொத்தச் சந்தைக்குப் போறன், உம்மை அந்த ரவைக் கடையிலை இறக்கிறன்” என்று என்னுடைய மெர்சிடிஸில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்குள் நானும் போனேன்.

கண்ணாடி அலுமாரியில் ஒன்பது வைக்கிற தட்டு வெறுமை. விலைத்துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. பக்கத்துத் தட்டில் ஏழு அறுபத்தைந்து, பெட்டி பெட்டியாக, மேலே தூசியோடு.

கடைக்காரன் இவரைக் கண்டதும் கையை விரித்தான். “ஒன்பதோ? கேளாதேங்கோ. அமெரிக்காவிலை சனம் பயத்திலை அள்ளிக் குவிக்குது. தொழிற்சாலைக்காரர் அங்கைதான் ஏத்துறாங்கள். இஞ்சை மிஞ்சினதை எங்கடை ஆக்கள் வந்து அள்ளிக்கொண்டு போட்டினம். எப்ப வருமெண்டு எனக்கே தெரியாது.”

“ஒன்பது எல்லாரிட்டையும் இருக்கிறதல்லோ?” என்றார் இவர். “அது எப்பிடி முடியும்?”

“எல்லாரிட்டையும் இருக்கிறதாலைதான்! பயம் வந்தால் எல்லாரும் ஒரே தட்டுக்குத்தானே வருவினம்? அப்ப எந்தத் தட்டு முதல்லை வெறுமையாகும்? இந்தா, ஹோர்ஸ்ட் சுடுறது கிடக்கு. ஒருத்தரும் தேடி வாறதில்லை, அதாலை கிடக்கு.”

இவர் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னொருக்கால் சொல்லுங்கோ.”

வெளிநாட்டுக்காரனுக்குப் பாசை விளங்கவில்லை என்று கடைக்காரன் நினைத்தான். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, திரும்பவும் சொன்னான். எல்லாரும், ஒரே, தட்டுக்கு. இவருக்கு முதல் தடவையே விளங்கியிருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை. ரவை இல்லாததற்கு ஒரு மனிதனின் முகம் ஏன் இப்படி வெளிறுகிறது என்று நான் யோசித்தேன்.

கார் நெடுஞ்சாலைக்கு ஏற முதல் என் கையைப் பிடித்தார். “ஓரமாய் நிப்பாட்டுங்கோ அண்ணை.” சத்தி எடுக்கப் போகிறார் என்று நிறுத்தினேன். போனை எடுத்து அந்தச் செய்மதி இலக்கத்தை அமத்தினார். சத்தமே இல்லை. திரும்பவும் அமத்தினார்.

“ஆருக்கு ஐசே?”

“யூட்டுக்கு. திரும்பச் சொல்ல வேணும். பின்னாலை திரும்பிப் போகச் சொல்ல வேணும், சனமில்லாத பக்கமாய்.”

“இனி எங்கை திரும்புறது? அவன் கடலுக்கும் ஆமிக்கும் நடுவிலை எல்லோ நிக்கிறான்.”

“இரவிலை ஒரு குடும்பம் தனிய ஊர்ந்து வரலாம் அண்ணை. ஒரு குடும்பத்தை ஆர் பாக்கிறது? கனசனத்தைத்தான் எல்லாரும் பாக்கிறாங்கள். அவங்கள் அடிக்கிற எல்லாச் செல்லும் அங்கைதான் விழுது.”

வெயில் எறித்தது. பக்கத்தில் லொறிகள் இரைந்துகொண்டு போயின. அவர் அந்த இலக்கத்தை அமத்திக்கொண்டே இருந்தார். அடுத்த கிழமைகளிலும் அமத்தினார். இறைச்சியைப் பிரட்டுகிற இடைவெளியில், மா பிசைகிற இடைவெளியில். என் அடுப்படியில் அந்தப் போனின் பொத்தான்கள் எல்லாம் மாவாக இருந்தன. வைகாசி வந்தது. வைகாசியில் அந்தக் கடற்கரையில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

கோடை நடுவில் முகாமிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. யூட்டின் பெண்சாதியின் தமையன். கம்பிவேலிக்குள் களவாகக் கிடைத்த போன். பின்னுக்கு நின்ற அந்தக் கொஞ்சக் குடும்பங்களும் இரண்டு நாள் பங்கருக்குள் கிடந்து, வெள்ளைத் துணியோடு ஏறி, முழுதாக முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தன. யூட் குடும்பத்தைச் சித்திரைக் கடைசியில் கடற்கரையில் கண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பங்கர் இருந்த இடத்தை அதற்குப் பிறகு கண்டவர்களும் இருந்தார்கள். நாலு பேரும் என்று சொன்னார்கள்.

இவர் சுவரில் சாய்ந்தபடி கேட்டார். “அவன் உங்களோடை கதைச்சவனோ, போக முதல்?”

“கதைச்சவன் அண்ணை. நாங்கள் கூப்பிட்டனாங்கள். சாமானெல்லாம் எங்கடை பங்கர் வாசலுக்குக் கொண்டு வந்து வைச்சவன். பிறகு போன் கதைக்கப் போட்டு வந்து, அண்ணை சொன்னவர் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான்.”

“பிள்ளையள் அழுதவையோ?”

“சின்னவள் அழுதவள்” என்றான் அவன்.

நான் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எவ்வளவோ பேருக்கு வார்த்தை சொல்லித் தேற்றியிருக்கிறேன். செத்த வீட்டில் நான் பேசினால் அழுகை அடங்கும் என்று ஹனோவர்த் தமிழருக்குள் ஒரு பெயர் எனக்கு உண்டு. “ஐசே, உம்மிலை பிழையில்லை. அப்ப ஆருக்குத் தெரியும்?” என்றேன்.

“கொஞ்சப் பேருக்குத் தெரிஞ்சிருக்கே அண்ணை” என்றார்.

பிஸ்டலை விற்றுவிட்டார். பேக்கரிக்காரன் அன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போனான். இவ்வளவு கெதியாய் விலைப்பட்டதே என்று நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். “ஒன்பதை விக்கிறது சுகம். எல்லாருக்கும் அதுதானே வேணும்” என்றார். சொல்லும்போது உதடு ஒருபக்கம் இழுத்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. சங்கத்தையும் விட்டார். ஹோர்ஸ்ட் மேலே வந்து, “என்ன நடந்தது உங்கடை சமையல்காரனுக்கு?” என்று கேட்டான். சொன்னேன். கிழவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாங்கிய பியரைக் குடிக்காமல் போனான்.

அந்த வருசக் கடைசியில், இறந்தவர்களை நினைத்து மெழுகுதிரி ஏற்ற ஹனோவர் ரயில் நிலைய முன்றலில் எங்கள் சனம் கூடியது. பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஹனோவர் மட்டும் இல்லை, சுற்றுவட்டாரம் முழுக்க வந்திருந்தது. குழந்தைப்பிள்ளைகள், கிழவர்கள், சைவம், வேதம் எல்லாம். தேத்தண்ணி முழுக்க என் செலவு, அண்டா அண்டாவாகக் கொண்டு போயிருந்தேன். கப் நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவரைக் கண்டேன். முன்றலில் இல்லை. றாம் வண்டி தண்டவாளத்தில் ஓடுகிற தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில், பூட்டியிருந்த ஒரு கடையின் வாசலில் நின்றார். கையில் மெழுகுதிரி. காலில் அதே நாற்பத்திரண்டு.

தெருவோரம் வந்து கூப்பிட்டேன்.

“ஐசே! ஏன் அங்கை தனிய நிக்கிறீர்? வாரும் இஞ்சாலை, சனம் முழுக்க இஞ்சைதான் நிக்குது!”

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரையும், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, ஆறுதலாகப் பார்த்தார்.

“ஓம் அண்ணை, தெரியுது” என்றார். “அதுதான்.”

நடுவால் றாம் வந்தது. நீளமான றாம், உள்ளே ஆட்கள் நிரம்பி நின்றார்கள். அது போய் முடிந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. சுற்றிவர ஒருவரும் இல்லை.